ஒட்டிலி

வீட்டுக்கு யாராவது சாப்பிட வந்தால் எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்த பிறகு, ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் பாடுவது யார் என்று கேட்பேன். மெதுவாக நடக்கும் ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை. நெஞ்சுக்குழியிலிருந்து கிளம்பி வரும் பெண் குரல், ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு, மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை போய்விடும் போல. வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: அமெரிக்கா, கறுப்பினப் பாடகி, ரொம்பப் பழைய ஆள். பாட்டு கேட்கிற பழக்கம் உள்ளவர்கள் நேராகப் பெஸ்ஸி ஸ்மித் என்பார்கள். நான் கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு, “இல்லை. இந்த வீட்டிலிருந்து சைக்கிளில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அவங்க பிறந்த ஊருக்கு” என்பேன். எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். அதைப் பார்க்கத்தான் இந்த விளையாட்டே.

நான் இருப்பது வட அயர்லாந்தில், கிழக்கு பெல்ஃபாஸ்ட். வேலைக்காக வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் சொல்கிற ஊர், பழைய ரயில் பாதையைச் சைக்கிள் தடமாக மாற்றியிருக்கும் வழியில் ஏழு மைல். ஊர்ப் பெயரைக் ‘கம்பர்’ என்றுதான் உச்சரிக்க வேண்டும். நம் கவிச்சக்கரவர்த்திக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஊர். டைட்டானிக் கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸ் பிறந்த ஊர் என்பதால் சுற்றுலாப் பயணிகளுக்கு அவரை மட்டும் தெரியும். பாடகியின் முழுப்பெயர் அன்னா ஒட்டிலி பேட்டர்சன். 1932 ஜனவரி 31 அன்று அங்கே பிறந்தார்.

அவர் பெயரைத் தமிழில் எழுதுவதில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. ‘ஆட்டிலி’ என்று எழுதினால் ஆட்டுக்குட்டி ஞாபகம் வருகிறது. ‘ஒட்டிலி’ என்றால் நன்றியிலி, பண்பிலி என்பது போல, எதோடும் ஒட்டாதவர் என்று பொருள் தொனிக்கிறது. முதலில் சிரித்தேன். பிறகு அதையே வைத்துக்கொண்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

போன வருஷம் மழைக்கால இரவு ஒன்றில் வழக்கம்போல விளையாட்டு நடந்தது. வந்தவர்கள் தோற்றார்கள், நான் விடையைச் சொன்னேன், அவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். “அப்படியே பெஸ்ஸி ஸ்மித்துங்க, கண்ணை மூடிக்கிட்டா வித்தியாசமே தெரியாது” என்று நான் பெருமையாக முடித்தபோது, மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலே கேட்டாள். “வித்தியாசமே தெரியாதுன்னா, அப்போ பெஸ்ஸி பாட்டையே போட்டுட்டுப் போக வேண்டியதுதானேங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பாத்திரம் கழுவும்போது எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் பஸ்ஸிலும் வரவில்லை. ஒருத்தரை இத்தனை வருஷமாக ரசித்துவிட்டு, அவரை ஏன் கேட்க வேண்டும் என்ற ஒற்றைக் கேள்விக்கு ‘இன்னொருத்தர் மாதிரியே இருக்கிறார்’ என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால், நான் ரசித்தது யாரை?

யாரைப் போல?

அவள் சொன்னபடியே செய்து பார்த்தேன். பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் பதிவு செய்த ‘ரெக்லெஸ் ப்ளூஸ்’. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் கார்னெட் வாசிக்கிறார், ஃப்ரெட் லாங்ஷா ஆர்மோனியம். நமக்குப் பழகிய பஜனை ஆர்மோனியத்தின் சொந்தக்காரக் கருவிதான். ஒரு மூலையில் உட்கார்ந்து மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது, அதன் மேல் பெஸ்ஸி அவசரமே இல்லாமல் நடந்து போகிறார். அதே பாட்டை ஒட்டிலி முப்பது வருஷம் கழித்து, டிராம்போன் வாசிக்கும் ஆங்கிலேயர் கிறிஸ் பார்பரின் ஜாஸ் பேண்டோடு பதிவு செய்திருக்கிறார். அதை அடுத்ததாகப் போட்டேன். நான்கு முறை மாற்றி மாற்றிக் கேட்டேன். வித்தியாசமே தெரியாது என்று சொன்னது பொய். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. ஒட்டிலி பாடத்தை ஒப்பிக்க வந்த முதல் பெஞ்சு மாணவி மாதிரி இருக்கிறார். ஒரு எழுத்து தவறவில்லை, உயிரும் இருக்கிறது, ஆனால் டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறார். அந்த டீச்சரோ 1937இலேயே கார் விபத்தில் செத்துப்போனவர்.

அவர் அந்தப் பாடத்தைப் படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். அப்பா வட அயர்லாந்துக்காரர், அம்மா லாட்வியாவைச் சேர்ந்தவர். பதினோரு வயதில் பியானோ கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். பாட்டுக்கு யாரிடமும் முறையாகப் போகவில்லை. 1949இல் ஓவியம் படிக்கப் பெல்ஃபாஸ்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தபோது கூடப் படித்த ஒருவர் பெஸ்ஸியின் இசைத்தட்டுகளை அறிமுகப்படுத்தினார். அவ்வளவுதான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிக் கடை திறக்காத இந்த ஊரில், போருக்குப் பின்னான ரேஷன் காலத்தில், ஒரு பதினேழு வயதுப் பெண் ஊசி தேயத் தேயத் தட்டுகளைச் சுழலவிட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் செத்துப்போன ஒரு கறுப்பினப் பெண்ணின் மூச்சு எங்கே வாங்குகிறது, எங்கே விடுகிறது என்று மனப்பாடம் செய்திருக்கிறார். ஏகலைவன் கதைதான். கட்டை விரலை யார் கேட்டார்கள் என்பது பிற்பாடு வருகிறது.

1954 கோடையில் விடுமுறைக்கு லண்டன் போகிறார். அங்கே பெரில் பிரைடன் என்ற பாடகியைச் சந்திக்கிறார், அவர் பார்பரின் பேண்டுக்கு அறிமுகப்படுத்துகிறார். டிசம்பர் 28 அன்று பேண்டில் முழுநேரப் பாடகி. பன்னிரண்டே நாளில், 1955 ஜனவரி 9 அன்று, ராயல் ஃபெஸ்டிவல் ஹால் மேடை. பிரிட்டிஷ் இசை வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தப் பேண்டின் பெயரைக் கேட்டாலே வேறு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகம் வரும். ஒன்று, அதே 1954 ஜூலையில் லோனி டோனகன் பாடிப் பதிவான ‘ராக் ஐலண்ட் லைன்’. பார்பர் பேஸ் வாசிக்க, இதே பெரில் பிரைடன் துணி துவைக்கும் பலகையைச் சுரண்டித் தாளம் போட்ட பாட்டு, ஊரெங்கும் பையன்களைக் கிட்டார் தூக்க வைத்தது. இன்னொன்று, 1959இல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை ஏறிய ‘பெடிட் ஃப்ளேர்’. அது மாண்டி சன்ஷைனின் கிளாரினெட். அதில் ஒட்டிலி கிடையாது, தலைவர் பார்பரின் டிராம்போன் கூடக் கிடையாது. எல்லாக் குடும்ப போட்டோவிலும் ஓரத்தில் நின்று, ஃப்ரேம் போடும்போது வெட்டுப்பட்டுப் போகிற சித்தி மாதிரிதான் ஒட்டிலி இந்த வரலாற்றில் இருக்கிறார்.

ஆனால் மேடையில் அவர் ஓரத்தில் நிற்கவில்லை. அமெரிக்க இசைக்காரர்கள் பிரிட்டனுக்கு வந்து வாசிக்க இசைக்கலைஞர் சங்கங்களின் கெடுபிடிகள் இருபது வருஷம் போல இருந்து, மெல்லத் தளர்ந்த காலம் அது. பார்பர் ஒவ்வொருவராக அழைத்து வந்தார். 1957இல் சிஸ்டர் ரோசெட்டா தார்ப், 1958இல் சோனி டெர்ரியும் பிரவுனி மெக்கீயும், அதே வருஷம் மடி வாட்டர்ஸ். பின்னால் பிரிட்டன் முழுக்கப் பற்றிக்கொண்ட ப்ளூஸ் வெறிக்கு நெருப்பு வைத்த பயணங்கள் இவை. அவர்கள் ஒவ்வொருவரும் ஏறிய மேடையில் இந்தக் கம்பர் பெண்ணும் பாடியிருக்கிறார். அதாவது யாருடைய பாட்டை ரிக்கார்டில் கேட்டு மனப்பாடம் செய்தாரோ, அந்த மரபின் சொந்தக்காரர்கள் முன்னாலேயே அதைப் பாட வேண்டும். நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

1959இல் பேண்டு அமெரிக்கா போனபோது, சிகாகோவின் தென்பகுதியில் மடி வாட்டர்ஸ் வழக்கமாக வாசிக்கும் ஸ்மிட்டிஸ் கார்னர் என்ற இடத்தில் ஒட்டிலியும் ஏறிப் பாடினார். கூட்டத்திலிருந்த ஒரு கறுப்பினப் பெண்மணி, ‘நீ எப்படி எங்களில் ஒருத்தி மாதிரிப் பாடுகிறாய்?’ என்ற பொருளில் கேட்டாராம். ஒட்டிலியைப் பற்றி எழுதும் எல்லாரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். நானும் என் சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டும் என்றுதான் அன்றைக்கெல்லாம் நினைத்தேன். மனைவியின் கேள்விக்குப் பிறகு இதே கதை வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. நம் ஊர் மெல்லிசைக் கச்சேரியில் யாராவது உயிரைக் கொடுத்துப் பாடி முடித்ததும், ‘அப்படியே ஜானகி அம்மா குரல்!’ என்று அறிவிப்பாளர் கத்துவார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். அந்த நொடியில் மேடையில் நிற்கிற பெண் காணாமல் போயிருப்பாள், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அதற்காகப் பெஸ்ஸி மட்டும் ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். பென்சில்வேனியாவில் அவரைப் புதைத்த இடத்தில் 1970 வரை ஒரு பெயர்க்கல் கிடையாது. முப்பத்துமூன்று வருஷம். கடைசியில் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சின்ன வயதில் பெஸ்ஸியின் வீட்டு வேலை பார்த்த ஒரு பெண்மணியும் பணம் போட்டுத்தான் கல் நட்டார்கள். அசலும் மண்ணுக்குள் அனாதையாகக் கிடந்தது, அதைப் போலவே பாடியவரும் மறக்கப்பட்டார். இதில் யார் யாரிடமிருந்து திருடினார்கள் என்று கணக்குப் போடுகிறவர்கள் போடட்டும். ஒட்டிலி கறுப்பர்களின் இசையை வைத்துப் பிழைத்தார் என்பதும் உண்மைதான், அந்த இசைக்காரர்களுக்குப் பிரிட்டனில் மேடை கிடைத்த கதையில் அவருக்குப் பங்கு உண்டு என்பதும் உண்மைதான். எனக்கு அன்று வேண்டியிருந்தது வேறு. யாரைப் போலவும் இல்லாத ஒட்டிலி எங்காவது பதிவாகியிருக்கிறாரா?

எட்டாத தட்டு

தேட ஆரம்பித்த பிறகுதான் உறைகளை ஒழுங்காகப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் பார்பர் பெயர் பெரிதாக, ஒட்டிலி பெயர் துணைக்கு. தனியாக வந்த ஒரு இ.பி.க்கு, அதாவது நாலைந்து பாட்டு கொண்ட சின்னத் தட்டுக்கு, பெயரே ‘தட் பேட்டர்சன் கேர்ள்’. அந்தப் பேட்டர்சன் வீட்டுப் பொண்ணு. பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்கிற மாதிரி. 1960இல் ‘ஒட்டிலி ஸ்விங்ஸ் தி ஐரிஷ்’ என்று ஒரு இ.பி. சொந்த மண்ணின் பாட்டுகள்தான், ஆனால் அதையும் ஜாஸ் ஜரிகை கட்டித்தான் வெளியிட வேண்டியிருந்திருக்கிறது. இவற்றில் எதிலும் என் கேள்விக்கு முழுப் பதில் இல்லை.

பதில் இருக்கும் என்று எல்லாரும் கை காட்டுவது 1969இல் வந்த ‘3000 இயர்ஸ் வித் ஒட்டிலி’ என்ற எல்.பி.யை, அதாவது முழுநீளத் தட்டை. அவர் பெயரில் தனியாக வந்த ஆல்பம். யார்ட்பேர்ட்ஸ் என்ற ராக் குழுவின் மேனேஜராக இருந்த ஜியார்ஜியோ கோமெல்ஸ்கி நடத்திய மார்மலேட் என்ற சின்ன நிறுவனத்தின் வெளியீடு. நிறுவனம் அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை. தட்டும் அதோடு முங்கிப்போனது. இப்போது சேகரிப்பாளர்கள் தேடி அலைகிற பொருள். பெல்ஃபாஸ்ட் செயின்ட் ஜார்ஜ் சந்தையில் பழைய தட்டு விற்கிற ஒரு பெரியவரிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு இந்தியன் வந்து ஒட்டிலியைக் கேட்கிறானே என்ற பார்வை என்று நினைத்தேன். அப்படியில்லை, என் சட்டைப்பையை அளந்திருக்கிறார். “நல்ல நிலையில் ஒன்று வந்தால் உனக்குப் போன் பண்ண மாட்டேன் தம்பி, நானே வைத்துக்கொள்வேன்” என்றார். தம்பி என்று அவர் சொல்லவில்லைதான். இங்கே வயதானவர்கள் எல்லாரையும் ‘சன்’ என்பார்கள், எனக்கு அது அப்படித்தான் காதில் விழும்.

மூன்று மாதம் கழித்து அதே பெரியவர் என்னைப் பார்த்ததும் மேஜைக்கு அடியில் குனிந்து, ஷூ பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். அத்தனையும் ஏழு அங்குல 45கள், நிமிஷத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டுகள், யாரோ வீடு காலி செய்தபோது வந்தவை. “எல்.பி. இல்லை. ஆனால் உன் ஆள் ஒன்று இருக்கிறது.” கறுப்பு லேபிளில் வெள்ளி எழுத்து. கொலம்பியா, 1964. உறை அசல் இல்லை, வேறு எதிலிருந்தோ எடுத்துப் போட்டது. நடுவில் நான்கு காலில் நிற்கும் அந்தச் சின்ன வட்டம் உடைபடாமல் இருந்தது. ஜூக்பாக்ஸில் போட வேண்டுமென்றால் அதைப் பிடுங்கிவிடுவார்கள். இந்தத் தட்டை யாரும் எந்தக் காபிக் கடை ஜூக்பாக்ஸிலும் போடவில்லை. பாட்டின் பெயரைப் படித்ததும் ஏன் என்று புரிந்தது. ஒரு பக்கம் ‘டெல் மீ வேர் இஸ் ஃபேன்சி பிரெட்’. இன்னொரு பக்கம் ‘ஓ மீ வாட் ஐஸ் ஹாத் லவ் புட் இன் மை ஹெட்’. இரண்டும் ஷேக்ஸ்பியர்.

1964 ஷேக்ஸ்பியரின் நானூறாவது பிறந்த ஆண்டு. அதே வருஷம், அதே கொலம்பியாவில் ஒட்டிலிக்கு இன்னொரு 45உம் வந்தது: ‘பேபி ப்ளீஸ் டோன்ட் கோ’. அசல் ப்ளூஸ். அதே பாட்டை அந்த வருஷக் கடைசியில் கிழக்கு பெல்ஃபாஸ்ட் பையன் வான் மாரிசன் தன் ‘தெம்’ குழுவோடு வெளியிட, அது பத்தாம் இடம் வரை போனது. மாரிசன் வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை இருக்கிறது, அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஒரே பாட்டு, ஒரே வருஷம், பக்கத்துப் பக்கத்து ஊர். ஒருத்தருக்கு அது தொடக்கம். ஒட்டிலிக்கோ அதற்கு முந்தைய வருஷம் வாக்கிலேயே தொண்டை மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. ஊர் ஊராகப் போய் அந்தப் பெரிய குரலைத் தினம் தினம் எடுத்துக்கொடுத்தவர், கொஞ்சம் கொஞ்சமாக மேடையிலிருந்து விலகிக்கொண்டிருந்த நேரம். ஏகலைவன் கதை என்றேனே, அது இதுதான்.

மூன்று பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். பெரியவர் எனக்காகக் குறைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பதில் சொல், பதில் சொல்

வீட்டில் யாரும் இல்லை. தட்டைத் துணியால் துடைத்து, ஊசியை வைத்தேன். கொஞ்ச நேரம் அடுப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம். அப்புறம் குரல். உண்மையைச் சொன்னால் முதல் சில நொடி, பெரியவர் தப்பான தட்டைக் கொடுத்துவிட்டாரோ என்று லேபிளைக் குனிந்து பார்த்தேன், சுற்றுகிற லேபிளில் என்ன தெரியும். நான் மேஜைக்கு மேஜை விற்றுக்கொண்டிருந்த அந்தக் கரகரப்பைக் காணோம். எனக்குக் கேட்டது கடைசி பெஞ்சுக்காக இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்காகப் பாடுகிற ஒரு பெண்.

பாட்டு ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வருவது. தங்கம், வெள்ளி, ஈயம் என மூன்று பேழை. சரியானதைத் திறந்தால்தான் போர்ஷியாவைக் கட்டிக்கொள்ள முடியும். பஸானியோ யோசித்துக்கொண்டு நிற்கும்போது பின்னணியில் இந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். மையல் எங்கே பிறக்கிறது, நெஞ்சிலா, தலையிலா? எப்படி உருவாகிறது, எதைத் தின்று வளர்கிறது? முதல் வரிகளின் இயைபு ஈயத்துக்கான ஆங்கிலச் சொல்லோடு ஒத்துப் போகிறது, போர்ஷியா தரப்பு மாப்பிள்ளைக்குத் துப்புக் கொடுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். கேள்வி முடிந்ததும் ‘பதில் சொல், பதில் சொல்’ என்று அதே வார்த்தை இரண்டு தரம் வரும். எனக்கு அந்த நேரம் நாடகம் ஞாபகத்தில் இல்லை. தட்டில் கீறல், ஊசி மாட்டிக்கொண்டது என்று நினைத்து எழுந்து ஓடினேன். கையை நீட்டுவதற்குள் பாட்டு தானாக அடுத்த வரிக்குப் போய்விட்டது. கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று கேட்டேன். மையல் கண்ணில் பிறக்கிறது, பார்த்துப் பார்த்து வளர்கிறது, கிடக்கிற தொட்டிலிலேயே செத்துப் போகிறது. அப்புறம் சாவு மணி, குழந்தைப் பாட்டு மாதிரி: டிங் டாங் பெல்.

நெஞ்சு என்பதற்கான ‘ஹார்ட்’ என்ற சொல்லை ஒட்டிலி பாடும்போது, அதன் நடுவில் வருகிற ‘ர்’ நாக்கில் சற்றே சுருண்டு நின்றதாக எனக்குப் பட்டது. இங்கே பேருந்து ஓட்டுநரிலிருந்து பல் டாக்டர் வரை எல்லார் வாயிலும் நான் ஒன்பது வருஷமாகக் கேட்கிற ‘ர்’. லண்டன்காரர்கள் அதை விழுங்கிவிடுவார்கள். இந்த மண்ணில் விழுங்க மாட்டார்கள். இருந்ததா, நான் ஆசைப்பட்டதால் கேட்டதா என்று இன்றைக்கும் சந்தேகம்தான். திரும்பத் திரும்பப் போட்டேன், ஒரு தடவை இருந்தது, ஒரு தடவை இல்லை.

தட்டைத் திருப்பினேன். மறுபக்கம் ஷேக்ஸ்பியரின் 148ஆம் சொனெட். ஐயோ, காதல் என் தலையில் எந்த மாதிரிக் கண்களைப் பொருத்திவிட்டது, உண்மையான பார்வைக்கும் இவற்றுக்கும் ஒட்டே இல்லையே என்று புலம்புகிற பாட்டு. ஒட்டே இல்லையே! நான் என் தலையில் இருக்கும் காதுகளை நினைத்துக்கொண்டேன். இவற்றைப் பொருத்தியது யார்? ‘பெஸ்ஸி மாதிரி’ என்று ஒரு பழைய உறைக் குறிப்பில் படித்து, அந்தக் காதோடு கேட்க ஆரம்பித்து, அந்தக் காதையே விருந்தாளிகளுக்கும் மாட்டிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் காதால் கேட்டால் இந்த 45 ஒன்றுமில்லாதது. கரகரப்பு இல்லை, கத்தல் இல்லை, பார்பர் பேண்டின் ஊர்வல உற்சாகம் இல்லை. 1964இல் இதை வாங்கிய ஒரு சிலரும் அந்தக் காதோடுதான் வாங்கியிருப்பார்கள். ஒரு முறை போட்டுவிட்டு ஷூ பெட்டியில் வைத்திருப்பார்கள். தட்டு இவ்வளவு புதுசாக இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1973இல் பேண்டிலிருந்து முறைப்படி விலகினார். 1959இல் பார்பரைக் கட்டிக்கொண்டவர், 1983இல் விவாகரத்து. அதே வருஷத் தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து லண்டன் பக்கம் சில கச்சேரிகள் செய்தார்கள், அது மறுவருஷம் ஆல்பமாக வந்தது. அதுதான் கடைசி. 2011 ஜூன் 20 அன்று ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்து, கம்பரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நியூட்டனார்ட்ஸின் மொவில்லா கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அந்த 45 கிடைத்த வாரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பர் போனேன். டண்டொனால்டு தாண்டினால் வயல்வெளி, தூரத்தில் ஸ்க்ராபோ குன்றின் மேல் கோபுரம். எதிர்க்காற்று கொன்றுவிட்டது. அவர் பிறந்தது வரிசை வீடுகளில் ஒன்று. 2012 பிப்ரவரியில் வைத்த நினைவுப் பலகை இருக்கிறது, படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடிய அளவு. வேறு என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி வழி தவறி வந்துவிட்டேனா என்று கேட்டார். ஒட்டிலியைப் பார்க்க வந்தேன் என்றேன். “ஓ, நல்லாப் பாடுவாங்களாம்” என்றார். யாரைப் போல என்று அவர் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வரும் வழியில் புது உருளைக்கிழங்கு இரண்டு கிலோ வாங்கினேன். தோல் உரிக்க வேண்டாம், அப்படியே வேகவைத்தாலே போதும்.

அன்று சாயங்காலம் அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருக்கும்போது மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். “உன் கேள்விக்குப் பதில் கிடைச்சிருக்கு” என்று, எத்தனையோ மாதத்துக்கு முன் கேட்டதை நினைவுபடுத்திவிட்டு (அவளுக்கு ஞாபகமே இல்லை), இரண்டு பக்கத்தையும் போட்டுக் காட்டினேன். அந்த ‘ர்’ வரும் இடத்தில் கையைத் தூக்கிச் சைகை செய்தேன். ஈயப் பேழைக் கதையைச் சொன்னேன். தொண்டை, 1964, வான் மாரிசன், எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தாங்க இருக்கு. அழகா இருக்கு. ஆனா எனக்கு அந்தப் பழைய பாட்டுதான் பிடிக்குது. விருந்தாளிங்க வந்தா போடுவீங்களே, அது. அதுல ஒரு பசி இருக்கு.”

“அது பெஸ்ஸி மாதிரி இருக்குன்னு நீதானே…”

“மாதிரி இருந்தா என்ன? பசி அவங்களோடதுதானே?”

கிழங்கு வெந்த வாசனை வந்தது, எழுந்து போய்விட்டாள். நான் 45ஐ உறையில் போட்டு வைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறி வரும்போது, கதவுக்கு வெளியே வரை ‘ரெக்லெஸ் ப்ளூஸ்’ கேட்டது. நான் போடவில்லை. வீட்டில் விருந்தாளி யாரும் இல்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டு முடியும் வரை படியிலேயே நின்றேன்.